வெள்ளகால் ப. சுப்பிரமணிய முதலியார்: கால்நடை நூலும் காப்பியத் தமிழாக்கமும்

தமிழ் இலக்கிய வரலாற்று நூல்கள் வெ. ப. சுப்பிரமணிய முதலியாருக்கு ஒதுக்கும் இடம் பெரும்பாலும் இரண்டு வரிகளுக்குள் அடங்கும். மில்ட்டனின் காப்பியத்தில் ஒரு பகுதியைத் தமிழில் தந்தவர், அகலிகை வெண்பாவின் ஆசிரியர் என்பன அவ்வரிகள். மாட்டு நோய்களைப் பற்றி அவர் எழுதிய நூல்கள் அங்கு இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் உத்தியோகத்தின் துணைவிளைவாக எண்ணப்பட்டு நூற்பட்டியலின் கடைசியில் நிற்கும். அவரை அந்தக் கடைசியிலிருந்து தொடங்கிப் படிப்பதே பொருந்தும். அவருடைய ஏனைய எழுத்துகளின் இயல்பு அங்கேதான் முதலில் புலப்படுகிறது.

பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த வெள்ளகால் என்னும் சிற்றூரில் 1857ஆம் ஆண்டு அவர் பிறந்தார். உயர்கல்வியாக அவர் பயின்றது சட்டமோ தத்துவமோ அன்று. சென்னைச் சைதாப்பேட்டையில் இருந்த வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்தார். 1865இல் அங்கு அரசுப் பண்ணை தொடங்கப்பட்டது. 1876இல் அதனை ஒட்டிக் கல்விக்கூடம் ஏற்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் கோயம்புத்தூருக்குப் பெயர்ந்தது இக்கல்லூரியே. கல்விக்கூடம் தோன்றிய காலம் பெரும் பஞ்சத்தின் காலமுமாகும். 1876 முதல் 1878 வரை நீடித்த அப்பஞ்சத்தில் மக்களோடு மாடுகளும் மடிந்தன. உழவு பாடமாகக் கற்பிக்கப்பட்ட மொழி ஆங்கிலம். அதைத் தொழிலாகச் செய்தோர் அறிந்த மொழி தமிழ். இவ்விரண்டிற்கும் நடுவே நின்ற முதல் தலைமுறையினருள் சுப்பிரமணிய முதலியார் ஒருவர். படிப்பு முடிந்தபின் கால்நடை மருத்துவத் துறையில் அலுவலராகிச் சென்னை மாகாணத்தின் பல மாவட்டங்களில் பணியாற்றினார். இராவ்சாகிப் பட்டமும் பெற்றார்.

அக்காலத்து வேளாண்மையில் மாடு வகித்த இடத்தை இன்று நினைவிற் கொண்டுவருவது எளிதன்று. நெல்லைச் சீமையில் கமலை என்றும், அமராவதிக் கரையில் உள்ள கணியூர் உள்ளிட்ட கொங்கு நாட்டு ஊர்களில் கவலை என்றும் வழங்கிய நீரிறைப்பு முழுவதும் எருதுகளையே நம்பியிருந்தது. உழவு, போரடிப்பு, வண்டி, எரு ஆகிய அனைத்திற்கும் அவையே வேண்டும். ஒரு தொழுவத்தில் வெக்கை நோய் புகுந்தால் அந்தக் குடும்பத்தின் அடுத்த பட்டமும் அதனோடு போயிற்று. இந்தியக் கால்நடைக் கொள்ளைநோய்களை ஆராய்ந்த ஆணையத்தின் அறிக்கை 1871இல் வெளிவந்தது. எனினும் தடுப்பூசி போன்ற காப்புமுறைகள் பரவுவதற்கு இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை செய்யக்கூடியவை சிலவே: நோயுற்ற மாட்டைப் பிரித்துக் கட்டுதல், மேய்ச்சலையும் நீர்த்துறையையும் தனியாக்குதல், இறந்ததை ஆழப் புதைத்தல். இவற்றை உழவர் காதில் ஏற்றுவதற்குப் புரியும் தமிழில் எழுதிய நூல் தேவைப்பட்டது. கால்நடைகளுக்கு வரும் உயிர்க்கொல்லி நோய்களைப் பற்றிய நூலையும், கால்நடை வளர்ப்போருக்கான கையேட்டையும் முதலியார் தமிழில் தந்தது இச்சூழலில்தான்.

இத்தகைய நூலில் சொல் தவறினால் மாடு சாகும். வெக்கை, கோமாரி, அடைப்பான், சப்பை நோய் என மக்கள் வழங்கும் பெயர்களுக்கும் ஆங்கில மருத்துவப் பெயர்களுக்கும் பொருத்தம் காண வேண்டும். ஓர் ஊரின் நோய்ப்பெயர் அடுத்த வட்டாரத்தில் வேறொன்றைக் குறிக்கவும் கூடும். இலக்கிய மொழிபெயர்ப்பில் மன்னிக்கப்படும் நெகிழ்ச்சி இங்கு மன்னிக்கப்படுவதில்லை. அவருடைய மொழிபெயர்ப்புப் பயிற்சியில் இதற்குப் பெரும்பங்கு உண்டு எனக் கருதலாம்.

எர்பர்ட்டு ஸ்பென்சர் 1861இல் வெளியிட்ட கல்வி பற்றிய நூலைக் கல்வி விளக்கம் என்ற பெயரில் அவர் தமிழாக்கினார். பல்துறை ஆர்வத்தின் அடையாளமாக மட்டுமே இதனைக் காண்பது போதாது. எவ்வகை அறிவு வாழ்வுக்கு மிக வேண்டியது என்ற வினாவில் தொடங்கும் அந்நூல், அறிவியலே என்று விடை காண்கிறது. உடற்கல்வியைப் பற்றிய இயல், குதிரை வளர்ப்பையும் கன்றுகாலி வளர்ப்பையும் நுணுகி ஆராயும் கனவான்கள் தம் பிள்ளைகளின் உணவைப் பற்றி எண்ணாதிருக்கும் முரணிலிருந்தே புறப்படுகிறது. தொழுவங்களைப் பார்வையிடுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு இதைவிட நெருக்கமான வாயில் இருந்திருக்க இயலாது.

மில்ட்டனின் பெருங்காப்பியத்தின் முதற்பகுதி சுவர்க்க நீக்கம் ஆயிற்று. இது பேசப்பட்ட அளவுக்குக் கோம்பி விருத்தம் பேசப்படவில்லை. ஜேம்ஸ் மெரிக் என்னும் ஆங்கிலக் கவிஞரின் சிறு பாடலைத் தழுவியது அது. பச்சோந்தியின் நிறத்தைப் பற்றி வழிப்போக்கர் வாதிடுகின்றனர். தாம் கண்ட நிறமே நிறம் என்கின்றனர். உயிரையே எதிரில் வைத்துப் பார்க்கும்போது எவர் கூற்றும் நிற்கவில்லை. நேரிற் காண்பதற்கு முன் துணியலாகாது என்னும் கருத்தைக் கால்நடை அலுவலர் ஒருவர் பாடத் தேர்ந்தது தற்செயல் என்று தோன்றவில்லை.

1908இல் வெளிவந்த இராமாயண உள்ளுறை பொருளும் தென்னிந்திய சாதி வரலாறும் என்னும் நூல் அவரைச் சமூக வரலாற்றுத் துறைக்குக் கொண்டுசென்றது. 1897இல் மறைந்த மனோன்மணீய ஆசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டது அது. இராமாயணக் கதையை ஆரியர்க்கும் தென்னாட்டார்க்கும் இடையிலான உறவின் சாயலாகக் காணும் பார்வை, பிற்காலத்தில் சுயமரியாதை இயக்கத்தார் கையில் கூர்மை பெற்றது. அதன் முன்வடிவங்களுள் ஒன்றாக இந்நூலை மதிப்பிட வேண்டும். இனங்களைக் கொண்டு சாதி வரலாற்றை விளக்கும் அக்கால முறையை இன்றைய ஆய்வு அப்படியே ஏற்காது. பேராசிரியர் ஒருவரின் கருத்துகள் அவர் மறைந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னும் விவாதப் பொருளாக நீடித்ததற்கு அது சான்றாகிறது.

இராமாயணத்தை இவ்வாறு கூறுபடுத்தியவரே அதன் கிளைக்கதையை அகலிகை வெண்பாவாகப் பாடினார். தலப்பெருமை கூறும் மரபில் நெல்லைச் சிலேடை வெண்பாவும் இயற்றினார். இம்முரணைக் கொள்கைத் தளர்ச்சி எனக் கொள்ள வேண்டியதில்லை. கதையின் வரலாற்றுப் பொருளை ஆராய்வதும் அதன் மாந்தரைக் கவிதையாக்குவதும் அவருக்கு வெவ்வேறு வேலைகளாக இருந்தன. உரைநடைக்கும் யாப்புக்கும் அவர் வகுத்துக்கொண்ட பணிப்பிரிவும் அதுவே.

1946இல், தம் எண்பத்தொன்பதாம் வயதில் அவர் மறைந்தார். உலகில் வெக்கை நோய் அறவே ஒழிந்ததாக 2011இல் அறிவிக்கப்பட்டது. அவருடைய கால்நடை நூல்களுக்கு மருத்துவப் பயன் இன்று இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியல் உரைநடையையும் கலைச்சொல்லாக்கத்தையும் ஆராய்வோர்க்கு அவை இன்னும் உரிய முறையில் பதிப்பிக்கப்பட வேண்டிய மூலங்கள்.