யோபுவின் கதை கேட்ட அதிகாரி

தீமை எங்கிருந்து வருகிறது? நல்லவருக்கும் துன்பம் வருவது ஏன்? இக்கேள்வி நம் தமிழ் மண்ணில் ஒரு வேதசாட்சியை உருவாக்கியது. அவரே புனித தேவசகாயம்.

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் நட்டாலத்தில் பிறந்த நீலகண்டப் பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை அதிகாரியாக விளங்கினார். செல்வம் நிறைந்த அவர் இல்லத்தில் கால்நடைகள் மடிந்தன, பயிர் பொய்த்தது, அவர் மனமுடைந்தார்.

1741இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பின்னர் மன்னரின் படைக்குப் பயிற்சியளித்த டச்சுப் படையைச் சேர்ந்த தெ லனாய், அவருக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துரைத்தார். யோபு மாசற்றவர், ஆயினும் அனைத்தையும் இழந்தார். அவர் பாவம் செய்திருப்பார் என்று வாதிட்ட நண்பர்களை இறைவன் கடிந்துகொண்டார். இறைவன் தீமையைப் படைக்கவில்லை. படைக்கப்பட்டோர் தம் சுதந்திரத்தைத் தவறாகப் பயன்படுத்தியதால் அது நுழைந்தது என்று திருச்சபை போதிக்கிறது. ஆனால் ஒருவருடைய துன்பத்தைக் கொண்டு அவர் பாவத்தை அளக்க நமக்கு உரிமையில்லை.

1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, அவர் தேவசகாயம் ஆனார். சாதி பாராமல் எல்லாரோடும் பழகினார், பகை மூண்டது. 1749இல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராக இழுத்துச் சென்றனர். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தேய்த்தனர். முன்பு வந்தது இயற்கையின் இழப்பு. இதுவோ மனித மனத்தில் பிறந்த தீமை. எனினும் அவர் விசுவாசத்தைக் கைவிடவில்லை. 1752 சனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அவரது கல்லறை உள்ளது. 2022 மே 15 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார்.

தோழியரே, துயருற்ற வீட்டில் நாம் குற்றம் தேட வேண்டாம்; தெ லனாயைப் போல் அருகிருந்து ஆறுதல் கூறுவோம்.