பாப்பாவுக்குப் பாடிய பாவலர்

புதுவைக்கு வடக்கே கடலோரம் அமைந்த பிள்ளைச்சாவடிக்கும், மகாகவி பாரதியார் குடியிருந்த ஈசுவரன் தருமராஜா கோயில் தெருவுக்கும் இடையே சில கல் தொலைவே உண்டு. நம் இல்லத்துச் சிறார் மனனம் செய்யும் பாப்பா பாட்டு அவருடைய புதுவை வாழ்வின் விளைவாகும். பொய்யாமையையும் தீயோர்க்கு அஞ்சாமையையும் வாயில்லா உயிர்களிடத்து அன்பையும் அது கற்பிக்கின்றது. கற்பித்தவர் அவற்றுக்கு எவ்வாறு விலை கொடுத்தார் என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

1882ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்த அப்பெருமகனார், 1908ஆம் ஆண்டில் 'இந்தியா' இதழின்மீது ஆங்கில அரசின் அடக்குமுறை பாய்ந்தபோது, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவைக்கு வந்தார். சட்டப்படி பொறுப்பேற்றிருந்த சீனிவாசன் என்பார் சிறை புகுந்தார். இதனைக் குறையாகக் கருதுவாரும் உளர். எனினும் புகலிடம் பெற்றவர் வாளாவிருந்தாரல்லர். அவ்விதழை இங்கிருந்தே மீண்டும் நடத்தினார். ஆங்கில இந்தியாவுக்குள் அது நுழையத் தடை வரவே, 1910இல் இதழ் நின்றது, வறுமை சூழ்ந்தது. அடுப்புக்கு வைத்திருந்த அரிசியைக் குருவிகளுக்கு இறைத்து மகிழ்ந்தது அக்காலத்ததே. (துணைவியார் செல்லம்மாள் அன்று பட்ட பாட்டையும் நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.) தாழ்த்தப்பட்ட குலத்து இளைஞர் கனகலிங்கத்துக்குத் தம் கையாலேயே பூணூல் அணிவித்துச் சுற்றத்தாரின் பகையையும் தேடிக்கொண்டார்.

1918ஆம் ஆண்டு நவம்பரில் புதுவை எல்லையைக் கடந்தவுடன் கடலூருக்கு அருகில் கைது செய்யப்பட்டார். விடுதலைக்குப் பின் கடையத்தில் வாழ்ந்த நாளில் நிகழ்ந்ததொன்று நம் சமூகத்தார் பலரும் அறியாதது. 1920இல் 'ரயில்வே ஸ்தானம்' என்னும் கதையில், உடன்பிறந்த சகோதரியர் மூவரை ஒரே காலத்தில் மணந்த முஸ்லிம் இளைஞன் ஒருவனைப் படைத்திருந்தார். அவ்வாறு மணத்தல் ஷரீஅத்தில் விலக்கப்பட்டதென முஸ்லிம் அன்பர் ஒருவர் எடுத்துரைத்தார். கற்பனைக் கதைதானே என்று கவிஞர் தட்டிக் கழித்திருக்கலாம். புகழ் மிக்கவர், எவரும் வற்புறுத்தியிருக்க இயலாது. அவரோ அன்பரின் கூற்றை ஏற்று, வாசகர் அறிய அச்சிலேயே பிழையைத் திருத்திக்கொண்டார். அவ்வாண்டிலேயே பொட்டல்புதூருக்குச் சென்று, முஸ்லிம் பெருமக்கள் கூடிய அவையில் இஸ்லாத்தின் மாண்பு குறித்துச் சொற்பொழிவாற்றினார். அடுத்த ஆண்டு செப்டம்பரில், நாற்பது வயதும் நிரம்பாமல், சென்னையில் மறைந்தார்.