ஊரிலிருந்து வந்த குழம்பு ஃப்ரீசரில் ஏன் கெட்டுப்போகிறது? விடை கண்டுபிடித்த கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ-யின் கதை

ஹைதராபாத்தின் மாதாபூரிலோ கச்சிபௌலியிலோ வாடகைக்கு இருக்கும் தமிழர்களின் ஃப்ரீசரைத் திறந்தால், பலரது ஊர் எது என்று தெரிந்துவிடும். வத்தக்குழம்பு, மட்டன் குழம்பு, மீன் குழம்பு என்று அம்மா கட்டிக்கொடுத்த டப்பாக்கள் வரிசையாக இருக்கும்.

இரண்டு வாரம் கழித்து எடுத்தால் சிலது அப்படியே இருக்கிறது. சிலதில் மேலே வெள்ளைப் பனி, கீழே தண்ணீர் பிரிந்த குழம்பு. அதே ஃப்ரீசர்தானே, ஏன் இந்த வித்தியாசம்? நூறு வருடத்துக்கு முன் இந்தக் கேள்வியின் பின்னால் போய், கையில் இருந்த பணத்தையெல்லாம் இழந்தவர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ.

யார் இவர்?

1886-ல் நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் சேர்ந்தார். வீட்டில் பணக் கஷ்டம் வந்ததால் பட்டம் வாங்காமலே வெளியேறினார். விலங்குகளையும் பூச்சிகளையும் ஆராயும் அரசு வேலை கொஞ்ச காலம். பிறகு 1912-ல் நரித்தோல் வியாபாரத்துக்காக லாப்ரடார் போனார். இன்றைய கனடாவின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் பனிப்பிரதேசம் அது.

அங்கே இன்யூட் மக்கள் பனியைத் துளையிட்டு மீன் பிடித்தார்கள். மைனஸ் 40 டிகிரி குளிரில், வெளியே எடுத்த மீன் உடனே கல்லாக உறைந்தது. மாதக்கணக்கில் கழித்துச் சமைத்தாலும் புதுமீன் மாதிரியே இருந்தது. இன்யூட் மக்களுக்கு இது தினசரிப் பழக்கம். பேர்ட்ஸ்ஐ-க்கு அது ஒரு கேள்வி: அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் உறைந்த மீன் மட்டும் ஏன் சொதசொதவென்று இருக்கிறது?

வேகம்தான் விஷயம்

உணவில் இருக்கும் தண்ணீர் மெதுவாக உறைந்தால் பெரிய பனிப்படிகங்கள் உருவாகும். அவை மீன், காய், கறியின் செல்களைக் கிழித்துவிடும். உருகும்போது உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே வடியும், ருசியும் அதோடு போய்விடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் சின்னதாக இருக்கும், சேதமும் குறைவு.

முதல் கம்பெனி திவால்

1923-ல் நியூயார்க்கில் உறைந்த மீன் விற்கும் கம்பெனி தொடங்கினார். அடுத்த வருடமே திவால். மீன் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உறைந்த மீன் என்றாலே மட்டம் என்பது அன்றைய மக்களின் அனுபவம், யாரும் நம்பி வாங்கவில்லை.

விடாமல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போய் மறுபடி ஆரம்பித்தார். இந்த முறை அவர் கவனம் வைத்தது டப்பாவில். உணவைச் சின்னத் தட்டையான அட்டைப்பெட்டிகளில் அடைத்து, குளிரூட்டிய இரண்டு உலோகப் பரப்புகளுக்கு நடுவே அழுத்தி உறைய வைத்தார். மேலும் கீழும் ஒரே நேரத்தில் குளிர் இறங்கியது.

1929-ல் கம்பெனியும் காப்புரிமைகளும் 2.2 கோடி டாலருக்கு விற்பனையாயின. அதே வருடக் கடைசியில் அமெரிக்கப் பங்குச்சந்தையே சரிந்தது. 1930 மார்ச்சில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 18 கடைகளில் அவர் முறையில் உறைந்த உணவு விற்பனைக்கு வந்தது. 1956-ல் அவர் இறந்தார். சாம்பல் குளோஸ்டர் கடலில் கரைக்கப்பட்டது.

நமக்கும் இந்த ஊர்ப்பக்கத்தோடு பழைய தொடர்பு உண்டு. சென்னை மெரினாவில் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம், மாசசூசெட்ஸிலிருந்து கப்பலில் வந்த ஐஸைச் சேமிக்கத்தான் கட்டப்பட்டது.

சரி, நம்ம ஃப்ரீசரில் என்ன செய்வது?

வீட்டு ஃப்ரீசர் சுமார் மைனஸ் 18 டிகிரி. லாப்ரடார் குளிர் கிடைக்காது. ஆனால் பேர்ட்ஸ்ஐ செய்ததைச் சின்ன அளவில் செய்யலாம்.

• ஆழமான டப்பா வேண்டாம். அகலமான, உயரம் குறைந்த டப்பாவே நல்லது. ஒருவேளைக்குத் தேவையான அளவு மட்டும் ஒரு டப்பாவில்.

• குழம்பு, பருப்புக்கு ஜிப் பை போதும். காற்றை வெளியேற்றி, ஸ்டீல் தட்டின் மேல் தட்டையாகப் படுக்க வையுங்கள். பேர்ட்ஸ்ஐ-யின் உலோகத் தகடு இதுதான்.

• தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். மேலே இரண்டு செ.மீ. இடம் விடுங்கள். ஜாம் பாட்டிலில் விளிம்பு வரை ஊற்றினால் விரிசல் விடும். கண்ணாடி என்றால் ஃப்ரீசருக்கென்றே செய்தது மட்டும்.

• எவர்சில்வர் டப்பா சீக்கிரம் குளிரும். ஆனால் மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் உணவு காய்ந்து, மேலே வெள்ளை படியும்.

• சூடாக உள்ளே வைக்காதீர்கள். அதற்காக இரவு முழுக்க வெளியே விடவும் கூடாது. அகலப் பாத்திரத்தில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் வையுங்கள். ஹைதராபாத் மே மாத வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள். சாதத்துக்கு இது ரொம்ப முக்கியம்.

• தயிர் சேர்த்தது பிரியும், உருளைக்கிழங்கு மாவாகும், அவித்த முட்டை ரப்பராகும். இவற்றைச் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.

• தேதி எழுதி ஒட்டுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது.

• உருக வைக்க, முந்தின இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். உறைவது கிருமிகளைக் கொல்லாது, தூங்க மட்டும்தான் வைக்கும். அதனால் நன்றாகக் கொதிக்க விடுங்கள். மிஞ்சியதைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

அடுத்த தடவை ஊரில் கட்டிக்கொடுக்கும்போது, பெரிய தூக்குவாளி ஒன்றுக்குப் பதிலாக ஆறு சின்ன டப்பா கேளுங்கள். ஏன் என்று அம்மா கேட்டால், திவாலான மீன் வியாபாரி ஒருவரின் கதையைச் சொல்லலாம்.