கர்னல் பென்னிகுயிக்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி முதலிய மேற்குப் புறநகர்களிலிருந்து நம் கல்லூரிக்கு வரும் மாணவருள் பலர் ஏரிக்கரைகளை அடுத்து வாழ்பவராவர். செம்பரம்பாக்கத்துப் பேரேரியின் கரைமீது நின்று நோக்குவார் எவர்க்கும், மழைநீரைக் கரையிட்டுத் தேக்கிய நம் முன்னோரின் மதிநுட்பம் வியப்பினைத் தரும். ஆயினும் ஏரி எத்துணைப் பெரிதாயினும், தன்பால் வந்து சேரும் நீரையே தேக்கவல்லது. மழை பொய்த்த நாட்டிற்கு, மலைக்கு அப்பால் பெருகிக் கடலிற் கலக்கும் ஆற்றினைத் திருப்பிக் கொணர்தல் இயலுமோ? இயலும் எனச் செய்து காட்டியவர் கர்னல் ஜான் பென்னிகுயிக். அவர் இராணுவ எஞ்சினீயராய்த் தொடங்கி, அணை கட்டி உழவரைக் காத்து, இறுதியில் எஞ்சினீயரிங் கல்லூரி ஒன்றின் தலைவராய் அமர்ந்தவர். அவர் அணை கட்டியதை அறிந்தார் பலர். ஆசானாய் விளங்கியதை அறிந்தார் சிலரே.

பென்னிகுயிக் 1841-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் நாள் புனாவில் பிறந்தார். தந்தையார் ஆங்கிலப் படையில் பிரிகேடியர் பதவி வகித்தவர். 1849-இல் சீக்கியருடன் நிகழ்ந்த சில்லியன்வாலாப் போரில் அவரும் அவர்தம் மூத்த புதல்வர் ஒருவரும் ஒரே நாளில் உயிர் நீத்தனர். அப்பொழுது ஜானுக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாளே எஞ்சியிருந்தன. இளமையிலேயே இத்துயருற்ற அவர், செல்ட்டன்ஹாம் கல்லூரியிலும், பின்னர்க் கம்பெனியாருடைய அடிஸ்கோம்ப் இராணுவப் பாடசாலையிலும் பயின்று, 1858-இல் சென்னை எஞ்சினீயர் படையில் சேர்ந்தார். 1860-இல் இந்தியா வந்தார். 1868-இல் முடிவுற்ற அபிசீனியப் போரிலும் தொண்டாற்றினார்.

அக்காலத்தில் சாலைகளும் அணைகளும் பெரும்பாலும் இராணுவ எஞ்சினீயர்களாலேயே அமைக்கப்பெற்றன. கொள்ளிடத்தையும் கோதாவரியையும் அணையிட்டுப் பயன்படுத்திய ஆர்தர் காட்டனும் சென்னை எஞ்சினீயர் படையினரே. அவ்வழியே பென்னிகுயிக்கும் சென்னை ராஜதானியின் பொதுப்பணி இலாகாவிற் புகுந்தார்.

பெரியாற்றைத் திருப்பும் எண்ணம் அவருடன் பிறந்ததன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இராமநாதபுரம் சமஸ்தானத்தின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை அதனை ஆராய ஆட்களை அனுப்பினார்; பொருள் இன்மையால் முயற்சி நின்றது. 1808-இல் ஆராய்ந்த காப்டன் கால்டுவெல் அது கைகூடாதென்றார். 1862-இல் மேஜர் ரைவ்ஸ் மீண்டும் அதனை எடுத்துரைத்தார். இடையில் 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் நாட்டைச் சூறையாடியது. வைகை வறண்டது, மக்கள் உணவின்றி மாண்டனர். பஞ்சத்தின் பின்னரே அரசாங்கத்தார் விழித்தெழுந்தனர். 1882-இல் திட்டத்தைத் திருத்தி அமைக்கும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886 அக்டோபர் 29-ஆம் நாள் திருவிதாங்கூருடன் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. மறு ஆண்டே வேலை தொடங்கியது.

திட்டத்தின் நுட்பத்தைச் சிறிது உணர்தல் நலம். பெரியாறு மேற்கு நோக்கி ஓடி அரபிக் கடலிற் கலப்பது. அதன் குறுக்கே உயரமான அணை கட்டி நீர்மட்டத்தை உயர்த்தி, மலையைத் துளைத்த சுரங்கத்தின் வழியே கிழக்கே விடுவது என்பதே கருத்து. சுரங்கத்தின் நீளம் 5,704 அடி. அதன்வழி வரும் நீர் வைரவனாற்றில் வீழ்ந்து, சுருளியாற்றோடு கூடி, வைகையை அடைந்து, பேரணையிலிருந்து வாய்க்கால்களிற் பாய்கிறது. அணையோ அடித்தளம் முதல் 176 அடி உயரமும், ஏறத்தாழ 1,200 அடி நீளமும் உடையது. இருபுறமும் கருங்கற் சுவர் எழுப்பி, நடுவே சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கலந்த காங்கிரீட்டால் நிரப்பப்பெற்றது.

ஏட்டில் எளிதாகத் தோன்றிய இவ்வேலை காட்டிற் கொடிதாயிற்று. சாலையற்ற அடர்ந்த வனம். யானைகள் உலவும் இடம். சமவெளியிலிருந்து பொருள்களை மேலேற்றக் கம்பிவடப் பாதை அமைக்கவேண்டியிருந்தது. சென்னைப் பயனியர் பட்டாளத்தாரும், கொச்சியிலிருந்து வந்த தச்சரும், மதுரை நாட்டுக் கூலியாட்களும் அங்கு உழைத்தனர். அணையின் அடிப்படையை இடுதற்பொருட்டு ஆற்றின் குறுக்கே இட்ட தற்காலிகக் கரைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் அடித்துச் சென்றது. பல மாத உழைப்பு ஓரிரவில் மறையும். மழை நின்றதும் முதலிலிருந்து தொடங்குவர். மலைக்காய்ச்சலும் பேதியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. அவர்களுட் பெரும்பாலோர் பெயரை இன்று எவரும் அறியார். அணையைப் புகழும் நாவு அவர்களையும் நினைத்தல் கடன்.

தம் மனைவியாரின் நகைகளை விற்றுப் பென்னிகுயிக் அணையை முடித்தார் என்றொரு கதை மக்களிடை வழங்குகிறது. அரசாங்கப் பொருளால் நடந்த வேலை அது. அக்கதை இன்றியும் அவர் பெருமை சிறிதும் குன்றாது. வெள்ளம் கரையை உடைத்தபோதெல்லாம் உடைந்த காரணத்தை ஆராய்ந்து அடுத்த கரையைத் திருத்தியமைத்த பொறுமையே அவர் ஈந்த பெருஞ்செல்வம். 1895 அக்டோபர் 10-ஆம் நாள் கவர்னர் வென்லாக் பிரபு தண்ணீரைத் திறந்துவிட்டார். வறண்ட நிலம் பசுமை பூண்டது.

1896-இல் இந்திய உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்ற அவர், இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் என்னும் இடத்திலிருந்த ராயல் இந்திய எஞ்சினீயரிங் கல்லூரியின் தலைவரானார். இந்தியப் பொதுப்பணி இலாகாவுக்கு எஞ்சினீயர்களைப் பயிற்றுவிக்கவே 1872-இல் திறக்கப்பெற்ற கல்லூரி அது. அவர்க்கு முன் தலைமை வகித்த செஸ்னி, டெய்லர் இருவரும் வங்காள எஞ்சினீயர் படையினர். போர்க்களத்திற்கென்று பயின்றவரே குடிமக்களுக்கு அணையும் பாலமும் கட்டும் கலைக்கு ஆசிரியராயினர் என்பது கருதற்பாலது. 1899 வரை அவர் அப்பதவியில் இருந்தார். 1897-இல் பெரியாற்றைத் திருப்பிய வரலாற்றை லண்டன் சிவில் எஞ்சினீயர்கள் சங்கத்திற்குக் கட்டுரையாக அளித்தார். கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது பிறர்க்கு எழுதி வைத்தல் ஆசானின் இயல்பன்றோ!

ஆயினும் ஒன்றை மறைத்தல் தகாது. கூப்பர்ஸ் ஹில்லிற் பயின்றோர் பெரும்பாலும் ஆங்கில இளைஞரே. உயர்ந்த பதவிகள் அவர்கட்கே மிகுதியும் சென்றன. 1794-இல் நில அளவைப் பள்ளியாய்த் தோன்றி, பின்னர்க் கிண்டியில் நிலைபெற்ற நம் எஞ்சினீயரிங் கல்லூரியின் மாணவர் நெடுநாள் கீழ்ப்படியிலேயே நின்றனர். பெரியாற்றில் மண் சுமந்தவரின் மக்கட்கு அக்கல்வி எட்டாதிருந்தது. 1906-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரி மூடப்பெற்றது. கிண்டிக் கல்லூரியோ இன்றும் தழைத்து நிற்கிறது.

1899-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்தைத் தணிக்கும் வழி கூறுமாறு அவரை அழைத்தனர். 1893-இல் பெருவெள்ளத்தால் நலிந்த நகரம் அது. நீரில்லா நாட்டிற்கு நீர் தந்தவரே நீர் மிகுந்த நாட்டிற்கும் மருந்து கூறச் சென்றார். 1911 மார்ச் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னுமூரில் அவர் காலமானார். கம்பம் பள்ளத்தாக்கினர் இன்றும் அவர் பிறந்த நாளைப் பொங்கலிட்டுக் கொண்டாடுகின்றனர். குழந்தைகட்கு அவர் பெயரை இடுகின்றனர். 2013-இல் லோயர் காம்பில் அவர்க்கு மணிமண்டபமும் எழுந்தது.

மாணவ நண்பர்களே! 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் நிறைந்து வழிய, அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கியதை நாம் அறிவோம். நீர் குறைந்தாலும் துன்பம், மிகுந்தாலும் துன்பம். அதனை அளந்து ஆளும் அறிவு நமக்கு இன்றியமையாதது. அவ்வறிவு ஏட்டினால் மட்டும் வருவதன்று. உடைந்த கரையருகே நின்று, உடைந்ததேன் என்று கேட்பவனுக்கே வருவது. அங்ஙனம் பெற்றதைப் பின்வருவார்க்கு வேற்றுமையின்றி வழங்குதல் அதனினும் சிறந்தது. பென்னிகுயிக் முன்னதை நிறைவேறச் செய்து காட்டினார். பின்னதன் குறையை நிரப்புதல் நம் கடன்.