லோ கியரில் ஏறுவது கேவலமில்லை: வெலோசியோ என்ற மனிதர்



நம் தரைத்தள பார்க்கிங்கில், தூண் ஓரமாக, ஒரு நல்ல சைக்கிள் மூன்று மாதமாக உறை போட்டபடி நிற்கிறது. அதன் சொந்தக்காரர் ஓர் இளைஞர். 200 கிலோமீட்டர் பிரெவே சவாரிக்குப் போனார். பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 140 கிலோமீட்டரில் கண் இருட்டி சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். அதிகாலையில் வெறும் காபியோடு கிளம்பி, முதல் இரண்டு மணி நேரம் முன்னால் போனவர்களைத் துரத்தி மிதித்தாராம். தனக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று லிஃப்டில் என்னிடம் சொன்னார். அவருக்கு ஒருவரைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் மாடி வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அந்த ஒருவரின் பெயர் பால் தெ விவீ. 1853-இல் பிரான்சின் தெற்கே பெர்ன் என்ற சிற்றூரில் பிறந்தார். செந்த்-எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்தார். விளையாட்டு வீரர் அல்ல. கணக்கும் கொள்முதலுமாக இருந்த வியாபாரி. முப்பது வயதை நெருங்கும்போதுதான் முதல் சைக்கிள் வாங்கினார். அது முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு இருக்கும் அந்தக் காலத்து வண்டி.

அதன்பின் பட்டில் மனம் ஒட்டவில்லை. 1887-இல் அந்தத் தொழிலை விட்டுவிட்டு சைக்கிள் கடை திறந்தார். இங்கிலாந்திலிருந்து வண்டிகளை வரவழைத்து விற்றார். அதே ஆண்டில் ஒரு சைக்கிள் பத்திரிகையும் தொடங்கினார். பின்னாளில் 'லெ சிக்ளிஸ்த்' என்று பிரபலமானது அதுதான். அதில் அவர் எழுதிய புனைபெயர்தான் வெலோசியோ. சொந்தப் பெயரைவிட அதுவே நிலைத்துவிட்டது.

செந்த்-எத்தியேனைச் சுற்றி மலை. ஊருக்கு வெளியே கிராண் புவா கணவாய், 1,161 மீட்டர் உயரம். அந்தக் காலத்து வண்டிகளுக்கு ஒரே கியர். சமதளத்துக்குப் பொருந்தினால் ஏற்றத்தில் முழங்கால் போகும்; ஏற்றத்துக்குப் பொருந்தினால் சமதளத்தில் கால் வீணாகச் சுற்றும். ஒருநாள் அவர் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தபோது, வாயில் பைப் புகைத்தபடி ஒருவர் அலட்டிக்கொள்ளாமல் முந்திப் போனாராம். இப்படி ஒரு கதை சொல்வார்கள். தவறு காலில் இல்லை, கியரில் இருக்கிறது என்பது அவருக்கு அன்று உறைத்ததாம்.

இதை எளிய கணக்காகச் சொல்கிறேன். முன்னால் 48 பல், பின்னால் 16 பல் என்றால், பெடலை ஒரு சுற்று மிதித்தால் பின்சக்கரம் மூன்று சுற்று சுற்றும். இன்றைய சாதாரண சக்கர அளவில் வண்டி சுமார் 6.3 மீட்டர் போகும். முன்னால் 32, பின்னால் 32 என்றால் ஒரே சுற்று, 2.1 மீட்டர்தான். ஆனால் அதே ஏற்றத்தில் காலால் கொடுக்க வேண்டிய அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரே தொகையாகக் கட்ட முடியாத கடனைத் தவணையில் கட்டுவது போல.

வெலோசியோ முதலில் முன்னால் இரண்டு பல்சக்கரம் வைத்து, கையால் செயினை மாற்றிப் பார்த்தார். பிறகு பல வகை கியர் அமைப்புகளைத் தானும் நண்பர்களுமாக அந்த மலைச் சாலைகளிலேயே ஓட்டிச் சோதித்து, கண்டதைப் பத்திரிகையில் எழுதினார்.

பாராட்டைவிடக் கேலிதான் அதிகம் வந்தது. பின்னாளில் டூர் தெ ஃப்ரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்றி தெகிராஞ்ஜ், கியர் மாற்றும் வண்டி நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-இல் எழுதினார். அதே ஆண்டில் துர்மலே மலைப்பாதையில் ஒரு சோதனைப் போட்டி நடந்தது. மார்த் ஹெஸ் என்ற பெண், மூன்று கியர் வண்டியில், கால் தரையில் படாமல் ஏறி முடித்தார். இருந்தும் டூர் பந்தயத்தில் கியர் மாற்றும் அமைப்புக்கு அனுமதி கிடைத்தது 1937-இல்தான். வெலோசியோ இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து!

இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. சென்ற ஆண்டு மகனின் கியர் சைக்கிளில் மேம்பாலம் ஏறினேன். பக்கத்தில் இரண்டு பையன்கள் வருவதைப் பார்த்து, கியரைக் குறைக்காமலே மிதித்தேன். அறுபத்துமூன்று வயதில் வீறாப்பு. பத்து நாள் முழங்காலில் தைலம் தேய்த்ததுதான் மிச்சம்.

வெலோசியோவின் பயணங்கள் நீளமானவை. ஈஸ்டர் சமயத்தில் இரவெல்லாம் மிதித்து தெற்கே ப்ரொவான்ஸ் வரை போவார். மாமிசத்தை விட்டவர், பழம், அரிசி, பால் போதும் அவருக்கு. எழுபதைத் தாண்டியும் சைக்கிளை விடவில்லை. இந்த அனுபவத்திலிருந்து ஏழு விதிகள் வகுத்தார். என் வார்த்தையில் அவற்றின் சாரம் இது:

1. ஓய்வு குறைவாக, சுருக்கமாக இருக்கட்டும். உடம்பின் தாளம் கெடக்கூடாது.
2. பசிக்கும் முன் சாப்பிடு, தாகம் எடுக்கும் முன் குடி. மினிமம் பேலன்ஸுக்குக் கீழே போகும் முன்பே கணக்கில் போட வேண்டும்.
3. சாப்பாடும் தூக்கமும் வராத அளவுக்குக் களைத்துப் போகாதே.
4. குளிரும் முன் போர்த்திக்கொள், வியர்க்கும் முன் கழற்று.
5. வழியில் மது, மாமிசம், புகையிலை வேண்டாம்.
6. முதல் சில மணி நேரம் சக்திக்கு உட்பட்டே மிதி.
7. பெருமைக்காக மிதிக்காதே.

நம் இளைஞர் தடுக்கி விழுந்தது இரண்டிலும் ஆறிலும். நான் ஏழில்.

இன்றைய பிரெவே சவாரிகளிலும் இதே சிந்தனைதான். அது பந்தயம் அல்ல; முதலிடம் என்று ஒன்று கிடையாது. நேரத்துக்குள் முடித்தால் போதும். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப், சின்ன ஸ்பேனர் செட், முன்னும் பின்னும் விளக்கு, ஒளி பிரதிபலிக்கும் மேல்சட்டை, இரண்டு தண்ணீர் பாட்டில். நம் ஊர் வெயிலுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டும், சட்டைப் பையில் கடலை மிட்டாய், வாழைப்பழமும் அவசியம். இவை எதையும் முதன்முறையாக அன்றைக்கே பயன்படுத்தக்கூடாது. பங்க்சர் ஒட்ட வீட்டு வாசலில் பழக வேண்டும். நெடுஞ்சாலையில் இருட்டில் அல்ல. 50, 80, 120 என்று தூரத்தை வாரக்கணக்கில் ஏற்ற வேண்டும். என்னைப் போன்ற வயதினர் முதலில் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

1930-இல், 76 வயதில், செந்த்-எத்தியேன் தெருவில் டிராம் மோதி வெலோசியோ இறந்தார். கிராண் புவா கணவாயில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஆண்டுதோறும் அவர் பெயரில் அந்த மலையைச் சைக்கிளில் ஏறுகிறார்கள். வயதானவர்களும் ஏறுகிறார்கள், லோ கியரில்.

உறை போட்ட அந்தச் சைக்கிளுக்கு எத்தனை கியர் என்று எண்ணிப் பார்த்தேன். பின்னால் மட்டும் ஒன்பது. தம்பி, வரும் ஞாயிறு காலை ஐந்தரைக்கு வாசலில் நிற்கிறேன். முப்பது கிலோமீட்டர் போதும். இட்லி என் பொறுப்பு, வேகம் என் வேகம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: பார்க்கிங்கில் பொதுவாக ஒரு காற்றடிக்கும் பம்ப் வாங்கி வைக்கலாம். அங்கே நிற்கும் பாதிச் சைக்கிள்களுக்குக் காற்று மட்டும்தான் குறை.