பாட்டி கதையை நூலகத்துக்குள் கொண்டுவந்த பூரா பெல்ப்ரே

நூலகப் பாடவேளை என்றதும் நான்காம், ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்கள் பலருக்கு நினைவுக்கு வருவது வாசிப்புக் குறிப்பேடுதான். ஒரு புத்தகத்தை எடுக்க வேண்டும், தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் எழுத வேண்டும், மூன்று வரியில் சுருக்கம், மணி அடித்தால் கிளம்ப வேண்டும். பத்துப் பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் நூலகத்தை விட்டு விலகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. படம் பார்க்கும் வயது கடந்துவிட்டது, பெரிய புத்தகம் இன்னும் கைக்கு வரவில்லை. அந்த இடைப்பட்ட வயதினரை நூலகத்தில் எப்படி உட்கார வைப்பது?

இந்தக் கேள்விக்குக் கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க் நகரில் ஒரு பெண்மணி விடை கண்டார். அவர் பெயர் பூரா பெல்ப்ரே. கையில் இருந்தவை ஒரு மெழுகுவர்த்தியும், துணியில் தைத்த சில பொம்மைகளும், பாட்டி சொன்ன கதைகளும்.

பூரா பிறந்தது கரிபியன் கடலில் உள்ள புவெர்ட்டோ ரிக்கோ தீவில், சிட்ரா என்ற ஊரில். கரும்பும் காப்பியும் புகையிலையும் விளையும் தீவு அது. நானூறு ஆண்டுகள் ஸ்பெயினின் பிடியில் இருந்து, 1898ஆம் ஆண்டு அமெரிக்காவின் கைக்கு மாறியது. ஆட்சி மாறினாலும் வீட்டு மொழி ஸ்பானிய மொழியாகவே இருந்தது. அந்த மாற்றத்தை ஒட்டிய ஆண்டுகளில் பிறந்தவர் பூரா. தந்தை கட்டடக் குத்தகையாளர். வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் குடும்பமும் மூட்டை கட்டிக்கொண்டு போனது. ஊர் மாறினாலும் பாட்டியின் கதைகள் மாறவில்லை. முயல் புலியை ஏமாற்றிய கதை, எதைச் சொன்னாலும் தலைகீழாகச் செய்யும் ஹுவான் போபோவின் கதை என்று கேட்டுக்கொண்டே வளர்ந்தார். நமக்குப் பரமார்த்த குருவும் சீடர்களும் எப்படியோ, அந்தத் தீவு மக்களுக்கு ஹுவான் போபோ அப்படி.

ஆசிரியை ஆக வேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1920ஆம் ஆண்டு அக்காள் எலிசாவின் திருமணத்துக்காக நியூயார்க் போனவர், திரும்பவில்லை. முதலில் கிடைத்தது ஆடைத் தொழிற்சாலை வேலை. தீவிலிருந்து வந்த பலருக்கும் அதுவே கதி.

அப்போது ஹார்லெம் வட்டாரத்தில் 135ஆவது தெருக் கிளை நூலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் எர்னஸ்டின் ரோஸ். அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஸ்பானிய மொழி பேசுவோர் பெருகி வருவதை அவர் கவனித்தார். அவர்களோடு பேசத் தெரிந்த ஓர் ஊழியர் வேண்டும் என்று தேடியபோது, வேலை முதலில் எலிசாவிடம்தான் வந்தது. கணவர் சம்மதிக்கவில்லை. அக்காளுக்குக் கிடைக்காமல் போன வாய்ப்பு 1921ஆம் ஆண்டு தங்கையின் கைக்கு வந்தது. நியூயார்க் பொது நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் புவெர்ட்டோ ரிக்கோ பெண் பூராதான். எலிசாவுக்கு என்ன மனக்குறை இருந்திருக்குமோ என்றும் நினைக்கத் தோன்றுகிறது.

சிறுவர் பிரிவில் வேலை. நாட்டுப்புறக் கதைகள் அடுக்கியிருந்த அலமாரியைப் பூரா ஒவ்வொரு நூலாகப் பார்த்தார். பல நாடுகளின் கதைகள் அங்கே இருந்தன. தம் பாட்டி சொன்ன கதை ஒன்றுகூட இல்லை. தெருவில் அத்தனை புவெர்ட்டோ ரிக்கோ பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள், நூலகத்துக்குள் அவர்களுக்கென்று ஒரு பக்கம்கூட இல்லை. வீட்டில் பேசும் மொழியும் வீட்டில் கேட்ட கதையும் புத்தகத்துக்கு லாயக்கில்லாதவை என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், பிறகு அந்த எண்ணத்தை மாற்றுவது எளிதல்ல. பூரா கவலைப்பட்டது இதற்காகத்தான்.

1920களின் நடுவில், நூலகம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். கதை சொல்லும் கலைக்கும் அங்கே வகுப்பு உண்டு. ஒரு கதை எழுதித் தரச் சொன்னார்கள். பாட்டியிடம் கேட்ட கதையையே எழுதினார். மார்ட்டினா என்ற அழகிய கரப்பான் பூச்சி; அவளை மணக்க விரும்பி விலங்குகள் ஒவ்வொன்றாக வருகின்றன. என்னிடம் எப்படிப் பேசுவாய் என்று அவள் கேட்க, ஒவ்வொன்றும் தன் குரலில் பேசிக் காட்டித் தோற்றுப் போகிறது. கடைசியில் பெரெஸ் என்ற எலிக்குத்தான் மாலை. ஆனால் கதை கல்யாணத்தோடு முடிவதில்லை. மார்ட்டினா சமைத்த சர்க்கரைச் சோற்றை ருசி பார்க்கப் போன பெரெஸ், பானைக்குள் விழுந்து இறந்துபோகிறான். மார்ட்டினா அழுதுகொண்டே இருக்கிறாள். சிறு பிள்ளைகள் விலங்குகளின் குரலுக்குச் சிரிப்பார்கள். சற்றுப் பெரிய பிள்ளைகளுக்கோ அந்த முடிவுதான் மனத்தில் நிற்கும். ஒரே கதையில் இரண்டு வயதினருக்கும் இடம் இருக்கிறது.

நூலகக் கதை நேரத்துக்கு ஒரு விதி இருந்தது. அச்சில் வந்த நூலில் உள்ள கதையைத்தான் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் புத்தகத்தைத் தேடி எடுக்க வேண்டும் என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால் அச்சு ஏறாத கதைகளோடு வளர்ந்த ஒரு சமூகத்தை அந்த விதி வாசலிலேயே நிறுத்திவிட்டது. பூரா தம் கதையைச் சொல்லத் தனி அனுமதி பெற்றார். அவருடைய வாழ்க்கையில் முக்கியமான நாள் எது என்று கேட்டால், பின்னாளில் பெற்ற விருதுகளை விட அந்த அனுமதி கிடைத்த நாளையே நான் சொல்வேன்.

1929ஆம் ஆண்டு 115ஆவது தெருக் கிளைக்கு மாற்றப்பட்டார். புவெர்ட்டோ ரிக்கோ குடும்பங்கள் நெருக்கமாகக் குடியிருந்த பகுதி. நூலகம் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்குத்தான் என்று பெற்றோர் பலர் ஒதுங்கியே இருந்தனர். பூரா அவர்கள் வருவார்கள் என்று காத்திருக்கவில்லை. தேவாலயங்களுக்கும் பள்ளிகளுக்கும் சமூக அமைப்புகளின் கூட்டங்களுக்கும் நேரில் போய் அழைத்தார். ஸ்பானிய நூல்களை வாங்க வைத்தார். கதை நேரத்தை இரு மொழிகளில் நடத்தினார்.

அந்தக் கதை நேரத்துக்கு ஒரு முறை உண்டு. தொடங்கும்போது மெழுகுவர்த்தி ஏற்றப்படும். கதை முடிந்ததும் பிள்ளைகள் மனத்துக்குள் ஓர் ஆசையை நினைத்துக்கொள்ள வேண்டும், மெழுகுவர்த்தி ஊதி அணைக்கப்படும். நியூயார்க் நூலகங்களில் இருந்த வழக்கம் இது, பூராவின் கண்டுபிடிப்பு அல்ல. ஆனால் அந்த ஒளியில் தங்கள் வீட்டு மொழியைக் கேட்டது அந்தப் பிள்ளைகளுக்குப் புதிது.

பிறகு பொம்மலாட்டம். ஒரு நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு, நூலகத்திலும் இதைச் செய்யலாமே என்று தோன்றியது. பொம்மைகளுக்குத் தாமே உடை தைத்தார். மார்ட்டினாவும் பெரெஸும் மேடையேறினார்கள். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகளுக்குப் பொம்மை ஏன் பிடிக்கிறது என்பது ஆசிரியர்களுக்குத் தெரியும். முகம் காட்டிப் பேசக் கூச்சப்படும் வயது அது. திரைக்குப் பின்னால் நின்று பொம்மையின் வாயால் பேசும்போது கூச்சம் போய்விடும். வசனம் பேச வேண்டுமென்றால் கதையை ஒரு முறைக்கு நான்கு முறை படித்தாக வேண்டும். குறிப்பேடு வாங்காத வாசிப்பைப் பொம்மை வாங்கிவிடும்.

ஜனவரி 6ஆம் தேதி வரும் மூன்று அரசர்கள் திருநாளையும் நூலகத்துக்குள் கொண்டுவந்தார். தீவில் அன்றுதான் பிள்ளைகளுக்குப் பரிசு கிடைக்கும். அரசர்களின் ஒட்டகங்களுக்கு என்று முதல் நாள் இரவே பெட்டியில் புல் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். பனி கொட்டும் நியூயார்க்கில் அந்தத் திருநாள் நாடகமும் பாட்டும் ஆட்டமுமாக நூலகத்தில் நடந்தது. பிள்ளைகளோடு பெற்றோரும் வந்தார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பள்ளி மண்டபத்தில் கூடும் நாம், அதே நாளில் நூலக அறையையும் திறந்து வைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

1932ஆம் ஆண்டு பெரெஸ், மார்ட்டினா கதை நூலாக வெளிவந்தது. அலமாரியில் இல்லாத கதையை எழுதி அலமாரியில் வைத்துவிட்டார். 1946ஆம் ஆண்டு முயலும் புலியும் வரும் கதைகள் கொண்ட தொகுப்பு வந்தது. புவெர்ட்டோ ரிக்கோ நாட்டுப்புறக் கதைகளின் தொகுப்பு அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வந்தது அதுவே முதல் முறை. ஒரு முரணையும் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் கேட்ட பெரெஸ், மார்ட்டினா கதை ஆங்கிலத்தில்தான் முதலில் அச்சேறியது. அதன் ஸ்பானியப் பதிப்பு 1966இல்தான் வந்தது.

இதற்கிடையே 1943ஆம் ஆண்டு இறுதியில் கிளாரன்ஸ் கேமரன் ஒயிட் என்ற கறுப்பின இசையமைப்பாளரை மணந்தார். அவர் புகழ்பெற்ற வயலின் கலைஞரும்கூட. நூலக வேலையை விட்டுவிட்டுக் கணவரோடு பயணம் செய்தார், எழுதினார். 1960ஆம் ஆண்டு கணவர் இறந்ததும் நூலகத்துக்கே திரும்பினார். நகரம் முழுவதும் ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகள் எங்கெல்லாம் இருந்தார்களோ அங்கெல்லாம் போய்க் கதை சொல்வது அவர் பொறுப்பானது. 1968ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். ஓய்வு என்பது பெயரளவில்தான். வறுமை சூழ்ந்த தெற்குப் பிராங்ஸ் வட்டாரத்தில் தொடங்கிய நூலகத் திட்டத்துக்காக மீண்டும் அழைத்தார்கள். மடக்கி எடுத்துச் செல்லும் பொம்மலாட்ட மேடையோடு கிளம்பிவிட்டார். வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர் செய்ததில் பெரிய செலவு எதுவும் இல்லை என்பதை நம் நூலகப் பொறுப்பாசிரியர்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கவனிக்கலாம். பழைய காலுறையில் பொம்மை செய்யலாம். தோட்டத்தில் வாழ்ந்த பாட்டன், பாட்டியிடம் ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒரு கதை கேட்டு வரலாம். அதை எழுதி, படம் வரைந்து, தைத்து, நூலகப் பதிவேட்டில் எண் கொடுத்து அலமாரியில் வைக்கலாம். அடுத்த ஆண்டு நான்காம் ஆண்டு மாணவர் அதை இரவல் வாங்கிப் போவார். சொல்லத் தெரிந்த மூத்தவர்கள் இன்னும் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அந்த எண்ணிக்கை குறைந்துகொண்டுதான் வருகிறது.

1982ஆம் ஆண்டு ஜூன் இறுதியில் நியூயார்க் மாநகரம் கலை, பண்பாட்டுப் பணிக்கான மேயர் விருதைப் பூராவுக்கு வழங்கியது. ஜூலை 1ஆம் தேதி அவர் காலமானார். 1996ஆம் ஆண்டு முதல், லத்தீன் அமெரிக்க வழிவந்த சிறுவர் எழுத்தாளர்களுக்கும் ஓவியர்களுக்கும் அமெரிக்க நூலகர்கள் அவர் பெயரில் விருது கொடுத்து வருகிறார்கள்.