வேளாண் பொருளியல் அறிஞர் அண்ணல் அம்பேத்கர்

அண்ணல் அம்பேத்கர் அவர்களை அரசியலமைப்புச் சட்டத்தின் சிற்பி என நம் இளைஞர்கள் நன்கறிவர். ஆனால், அன்னார் முதற்கண் ஒரு பொருளியல் அறிஞர் என்பதும், உழவையும் ஏழையின் உணவையும் பற்றி இளமையிலேயே ஆய்ந்தவர் என்பதும் நம் கூட்டங்களில் அதிகம் பேசப்படுவதில்லை. அக்குறையைச் சிறிதேனும் போக்கவே ஈண்டு எழுதுகின்றோம்.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் மௌ நகரில், படையில் சுபேதாராக இருந்த ராம்ஜி சக்பாலின் மகனாகப் பிறந்தார். பரோடா மன்னர் அளித்த உதவித்தொகையால் 1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பின்னர் இலண்டனில் பயின்றார். உதவித்தொகைக் காலம் முடியவே படிப்பை இடையில் நிறுத்தி 1917இல் தாயகம் திரும்பினார். பரோடாவில் அலுவல் ஏற்றபோது தங்குவதற்கு இடமின்றி அவர் பட்ட துன்பம் நாம் அறிந்ததே, மேற்செல்வோம்.

1918இல், தம் 27ஆம் வயதில், இந்தியாவின் சிறு நிலவுடைமைகள் குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நிலம் துண்டு துண்டாய்ச் சிதறியதே உழவின் நலிவுக்குக் காரணம். அவற்றை ஒன்றுசேர்த்துப் பெரிதாக்கினால் போதும் என அக்காலத்து அறிஞர் பலர் கூறிவந்தனர். பரோடா அரசு இதற்கெனக் குழுவும் அமைத்திருந்தது. அம்பேத்கர் இதனை ஏற்கவில்லை. நிலத்தின் பரப்பை மட்டும் அளந்து பயனில்லை. அதற்கேற்ற ஏரும் மாடும் எருவும் ஆளும் உண்டா என்று பார்த்தே அது போதுமா போதாதா எனச் சொல்ல இயலும் என்றார். கிணறும் ஒரு சோடி மாடும் உடையவன் இரண்டு ஏக்கரில் குடும்பத்தைக் காப்பான். அவை இல்லாதவனுக்குப் பத்து ஏக்கரும் தரிசே. இதனை நம் ஊர்களிலேயே காண்கிறோம் அல்லவா?

நோயின் மூலத்தையும் அவர் காட்டினார். நிலத்தை நம்பியோர் தொகை மிகுதி. அவர்களுக்குப் போதிய வேலையில்லை. வேலையின்றி இருப்பவனும் உண்ண வேண்டும். ஆதலின் விளைந்ததெல்லாம் உணவாகவே தீர்ந்து, மிச்சம் என்பது இல்லாது போகிறது. மிச்சமின்றேல் முதலீடு ஏது? தொழில்களைப் பெருக்கி, மிகுந்த கைகளை அங்கே ஈர்ப்பதே வழி என்பது அவர் முடிவு. வளரும் நாடுகளைப் பற்றிய ஆய்வுக்காக 1979இல் நோபல் பரிசு பெற்ற ஆர்தர் லூயிஸ், இதனோடு பெரிதும் ஒத்த கருத்தை 1954இல் எழுதினார். நம் அண்ணலின் கட்டுரை அதனினும் 36 ஆண்டு மூத்தது என்பதைச் சற்றே பெருமிதத்துடன் குறிக்கின்றோம்.

ஆய்வு ஏட்டோடு நிற்கவில்லை. 1927இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் சிறு நில மசோதா வந்தபோது, அது ஏழை உழவனை நிலமற்றவனாக்கும் என எதிர்த்து, கூட்டுறவு முறை வேளாண்மையை வலியுறுத்தினார். துண்டு நிலத்தையும் சிறிது தானியத்தையும் காட்டி மகார் மக்களைப் பரம்பரை ஊழியத்தில் கட்டிவைத்த வத்தன் முறையைத் திருத்த 1928இல் மசோதா கொணர்ந்தார். கொங்கணத்தில் குத்தகையாளரைப் பிழிந்த கோத்தி முறையை ஒழிக்க 1937இல் மற்றொன்று. அதற்கு ஆதரவாக 1938 சனவரியில் ஆயிரக்கணக்கான உழவர் பம்பாயில் அணிவகுத்தனர்.

1942 முதல் 1946 வரை வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறையுடன் பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் இருந்தன. தாமோதர், மகாநதிப் பள்ளத்தாக்குத் திட்டங்கள் அப்போது உருப்பெற்றன.

1947இல் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த அறிக்கையிலேதான் அவர் சிந்தனை முழுமை பெறுகிறது. நிலச் சேர்க்கையோ குத்தகைச் சட்டமோ, நிலமற்ற கூலிகளாகிய 6 கோடித் தீண்டப்படாதாருக்குப் பயன்படாது என்றார். நிலம் அரசுடைமையாகி, சாதி வேறுபாடின்றி ஊர்மக்கள் கூட்டாகப் பயிரிட வேண்டும்; நீர், மாடு, கருவி, எரு, விதை ஆகியவற்றை அரசு தர வேண்டும் என்றார். நிலக்கிழாரும் இல்லை, குத்தகையாளரும் இல்லை, நிலமற்ற கூலியும் இல்லை என்னும் நிலையே அவர் கேட்டது.

அத்திட்டம் அரசியலமைப்பில் இடம்பெறவில்லை. மக்களின் உணவூட்ட நிலையை உயர்த்துவது அரசின் கடமை என 47ஆம் பிரிவு கூறுகிறது. எனினும் அது நெறிமுறைக் கோட்பாடே, வழக்கிட்டுப் பெறும் உரிமையன்று. கோத்தி முறை 1949ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தது. 1956 டிசம்பர் 6ஆம் நாள் அண்ணல் மறைந்தார். வத்தன் ஒழிப்புச் சட்டம் வந்தது 1958இல்.